மீன் தொட்டிக்கு வெந்நீர்

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் அவள் அடுப்பைத் தணித்தாள். ஹாலில், தொட்டியின் ஒரு மூலையில், கணவரின் டிஸ்கஸ் மீன்கள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு நின்றன.

"கொஞ்சம் பொறுங்க. உங்களுக்குத்தான்" என்றாள்.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிப் போன கையோடு தொட்டியின் ஹீட்டர் உயிரை விட்டுவிட்டது. வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். டிஸ்கஸ் மீனுக்குக் குளிர் ஆகவே ஆகாது. போனில் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் துடித்துப் போனார்.

"ஐயையோ! சாயங்காலம் எங்க ஆபீஸ் டைரக்டர் வேற மீனைப் பாக்க வர்றாரே! புது ஹீட்டர் நாளைக்குத்தான் கிடைக்கும். நீ தொட்டியைக் கம்பளியால சுத்து. பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, இறுக்கி மூடி, உள்ள மிதக்க விடு. ஆற ஆற மாத்திக்கிட்டே இரு."

"பாட்டிலுக்கு எங்க போறது? நான் சேத்து வெச்சிருந்ததை எல்லாம் போன வாரம் குப்பைன்னு அள்ளி வெளியே போட்டீங்களே. ஒரு ஜாம் பாட்டில்கூட இல்லை."

"இப்ப அதைப் பேசுற நேரமா? வீட்டுல எது இருக்கோ அதை எடு, எப்படியாவது பண்ணு! ஒரு மீன் செத்தாலும் உன்னைச் சும்மா விட மாட்டேன். அப்புறம்... தீனி டப்பாவை மட்டும் தொடாதே. நான் வந்து போட்டுக்கறேன்."

போனை வைத்தவளுக்கு வயிறு எரிந்தது. அவர் சேர்த்தால் சேகரிப்பு, அவள் சேர்த்தால் குப்பை.

அதைக்கூட மன்னித்துவிடலாம். போன குளிர்காலத்தில் நடந்ததை எப்படி மன்னிப்பது? காய்ச்சலில் அவள் உதறிக்கொண்டு கிடந்தபோது, காலடியில் இருந்த ரப்பர் வெந்நீர்ப் பையை உருவிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்ட மனிதர் அவர். "உனக்கு மாத்திரை இருக்கு. அதுங்களுக்கு யார் இருக்கா?" என்று விளக்கம் வேறு. பை அன்றைக்கே ஓட்டையாகிப் போனது. அவள் மனசில் விழுந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமியெல்லாம் வேண்டாம். இந்த ஒரு சாயங்காலம் போதும்.

தொடாதே என்றால்தானே தொடத் தோன்றும்? தீனி டப்பாவைத் திறந்து, உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். அடியில் கிடந்தது கையில் தட்டுப்பட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நேரத்தில் சமையலறை முழுக்கத் தலையைச் சுற்ற வைக்கும் நெடி. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். கை துளிக்கூட நடுங்கவில்லை.

பிறகு தொட்டியின் மூடியைத் திறந்தாள். தீனி வருகிறது என்று நினைத்து மீன்கள் இருந்த தெம்பைத் திரட்டி மேலே வந்தன. வாயில்லா ஜீவன் என்கிறோம். இவற்றுக்கு இருப்பதே வாய்தான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாதே என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் வெந்நீரை எடுத்துவரப் போனாள்.

சாயங்காலம் டைரக்டரோடு வாசலில் கால் வைத்ததுமே கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன நெடி இது? மீனுக்கு என்ன ஊத்தினே?"

"போய்ப் பாருங்களேன்" என்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

டைரக்டர் மட்டும் மூக்கை ரசனையோடு விரித்தார். "முதல்ல மீன். அப்புறம் நீங்க ஆபீஸ் பூரா பெருமை அடிச்ச அந்த வெளிநாட்டுச் சரக்கு. மூடியே திறக்காம பூட்டி வெச்சிருக்கீங்களாமே? இன்னைக்கு ஒண்ணாவது திறந்தாகணும்!"

அவர் சொன்னது கணவரின் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஓடிப்போய்த் தொட்டியைச் சுற்றியிருந்த கம்பளியை உருவினார்.

மீன்கள் எல்லாம் துள்ளிக்கொண்டு நீந்தின. ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் சரியான சூட்டைக் காட்டியது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"கெட்டிக்காரிடி நீ!" என்றார். கல்யாணமாகி இன்றுதான் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

டைரக்டர் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு உரசக் குனிந்தார். "மீன் இருக்கட்டும். நடுவுல மிதக்குதே, அதெல்லாம் பாட்டிலா? படகு மாதிரி ஒண்ணு, மணி மாதிரி ஒண்ணு... என்ன அழகு சார்! எங்கே பிடிச்சீங்க?"

கணவர் அப்போதுதான் பாட்டில்களைப் பார்த்தார். சடாரென்று திரும்பினார். ஹால் மூலையில் அவருடைய கண்ணாடி அலமாரி ஆவென்று திறந்து கிடந்தது. பூட்டில், மீன் தீனி ஒட்டிய சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுல... உள்ள இருந்தது?" என்றார், மிதக்கும் பாட்டில்களைக் காட்டி.

அவள் பணிவாகச் சொன்னாள்:

"மீன் குடிச்சிடக் கூடாதேன்னு, சிங்க்ல கொட்டிட்டேங்க."