பதினோராவது வரி

வெளியே லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. முகாம் அலுவலகத்தில், எழுத்தருக்கு எதிரே, துப்பாக்கியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறான் சமையற்கட்டுச் சிப்பாய். "என் எழுத்து கோழிக் கிறுக்கல்ணே, கடுதாசியை நீங்களே எழுதுங்க. அம்மா, இன்னிக்குப் போர்முனைக்குக் கிளம்பறேன், பயப்படாதே." மேசைக் கண்ணாடிமேல் வெயில் விழுகிறது, அடியில், கிளம்புகிறவர்களின் பட்டியல். பதினோராவது வரியில் நேற்றுவரை இருந்தது எழுத்தரின் பெயர். அழித்து அழித்துக் காகிதம் மெலிந்த அந்த இடத்தில் இப்போது சிப்பாயின் பெயர், எழுத்தரின் கையெழுத்திலேயே. அவர் முழங்கையை நகர்த்தி அதை மறைத்துக்கொள்கிறார். "இங்க ஒரு அண்ணன் கூடப் பொறந்தவர் மாதிரி பார்த்துக்கறார்னு போடுங்க." பேனா நிற்கிறது. "என்னண்ணே, மை தீந்துடுச்சா?" "இல்லப்பா." "அப்ப உங்க பேரையும் போடுங்க. அம்மா உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கும்." தான் நேற்று அழித்த பெயரை எழுத்தர் ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிறார்.