பதக்க ஒத்திகை

நாளை பதக்கம் தரப்போகும் மைதானத்தில் இன்று ஒத்திகை. விமானிகளின் சட்டையில் முன்னாடியே சின்னதாக ஒரு கொக்கி குத்தியிருந்தார்கள். மேடையில் பதக்கத்தை அதில் மாட்டிவிட்டால் போதும். எஸ்தருக்குக் கொக்கி கிடையாது. செத்துப்போன கணவன் ஞானதுரைக்காக அவள் இரண்டு கையையும் நீட்டிப் பதக்கப் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். தளபதியின் இடத்தில் நின்ற சிப்பாய் காலிப் பெட்டியைத் தந்தான்.

“கொஞ்சம் மெதுவா நடந்து வாங்க மேடம். இன்னொரு தடவை பாத்துருவோம்,” என்றார் ஒத்திகை நடத்தும் அதிகாரி.

ஒலிபெருக்கியில் மறுபடி பாராட்டுரை. மறுபடி எஞ்சினில் தீப்பிடித்தது. மறுபடி ஞானதுரை விமானத்தை ஊர்மேல் விழாமல் ஏரிப்பக்கம் திருப்பினான், மறுபடி விழுந்தான். காலையிலிருந்து இதே வேலை. அவளுக்குக் கால் கடுத்தது. வியர்வையில் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த முறை, “விமானத்தை ஏரியை நோக்கித் திருப்பிய அவர்” என்ற இடத்தில் மைக் நின்றுபோனது. எஸ்தர் அண்ணாந்து பார்த்தாள். வானம் வெறுமனே வெளுத்துக் கிடந்தது.

“சாரி மேடம். முதல்லேர்ந்து படிக்கச் சொல்றேன்.”

“வேண்டாம் சார்,” என்றாள், பார்வையை இறக்காமல். “இன்னைக்கு இதோட இருக்கட்டும்.”