குடைக்குள் ஒரு கொப்பு

குளத்தூர்க் கொய்யாத் தோட்டத்தில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. புங்க எண்ணெயும் சோப்பும் கலந்த டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, வெற்றிசெல்வன் இளங்கன்றுகளின் பூக்களுக்கு அடித்துக்கொண்டு வருகிறான். அது பட்ட பூ கருகி உதிர்ந்துவிடும். உதிராமல் காய்த்தால் பாரம் தாங்காமல் கன்று ஒடிந்துவிடும். ஓரத்துக் கன்று, அவன் மனைவி பிரகதீஸ்வரி கல்யாணமாகி வந்த வாரத்தில் நட்டது. அதன் கொப்பு ஒன்றுக்கு அவள் குடை பிடித்து நிற்கிறாள். நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த குடை.

“மழையா பெய்யுது?”

“நீங்க அடிக்கிறதுக்கு மழையே தேவலை. இதை விட்டுட்டு அங்கிட்டு அடிங்க.”

“ஒடிஞ்சிரும் பிரகதி. போன கன்னு ஒடிஞ்சதுக்கே நீ ரெண்டு நாள் சாப்பிடல.”

“முட்டுக் குடுத்துக்கிறேன். ஒரே ஒரு காய்ங்க.”

அவன் மற்றக் கொப்புகளுக்கு அடிக்கிறான். எண்ணெய்ச் சாரல் குடையில் வழிந்து அவள் வளையலில் சொட்டுகிறது. தேனீ ஒன்று குடைக்குள் போய் வருகிறது. அதற்கு மட்டும் அனுமதி உண்டு. குடையருகே வந்ததும் அவன் கை நின்றுவிடுகிறது.

“டேங்கு காலி” என்கிறான்.

அடுத்த கன்றுக்கு நடக்கும்போது அவன் முதுகில் களக் களக்கென்று அலம்புகிறது. பிரகதீஸ்வரிக்குக் காது நன்றாகவே கேட்கும். குடையை மடக்குகிறாள்.