புது கேலன்

“மணிக்கு அறுநூறு கேலன்தான்” என்றார் ஓவர்சியர் ஐயாத்துரை.

கீழத்தெருக்காரர்களுக்கு முகம் விழுந்துவிட்டது.

திருச்சுழிப் பக்கம் அந்த வருஷமும் மழை இல்லை. கீழத்தெரு முனையில் சர்க்கார் போட்ட போர் இது. வெறும் கல்பொடியாகக் கக்கிக்கொண்டிருந்த குழாயில் தண்ணீர் பீறிட்டபோது, வயசானவர்கள்கூட ஓடிப்போய் நனைந்தார்கள். ஆயிரம் கேலனுக்கு மேல் வந்தால் மோட்டார், தொட்டி, தெருக்குழாய் எல்லாம் உண்டு என்று பேச்சு.

“இம்புட்டுத் தண்ணி பாஞ்சும் அறுநூறா?” என்றார் கீழத்தெருக் கருத்தப்பாண்டி. “காலையில பிரசிடெண்டு வீட்டுல இவுக காப்பி குடிச்சப்பவே நெனச்சேன்.”

ஐயாத்துரை குனிந்து நோட்டில் அறுநூறு என்று எழுதினார். இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லும் வயசை அவர் தாண்டியிருந்தார்.

பஞ்சாயத்து பிரசிடெண்டு உக்கிரபாண்டி வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். “அவ்வளவுதானா? சரி, ஒரு அடிபம்பை மாட்டிட்டுப் போங்க.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“கொஞ்சம் இருங்க சார். கணக்குல தப்பு இருக்கு.”

சொன்னது பால்ச்சாமி. கருத்தப்பாண்டியின் மகன். காரியாபட்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கீழத்தெருவிலிருந்து உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள்.

“எறநூறு லிட்டர் ட்ரம்மு. ரெண்டு நிமிசத்துல நெறஞ்சுச்சு, நானும் வாட்ச்சைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அப்ப மணிக்கு ஆறாயிரம் லிட்டர். சரிதான சார்?”

“சரி.”

“அதைக் கேலனாக்கணும்னா நாலரையால வகுக்கணும். நீங்க பத்தால வகுத்திருக்கீங்க. ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம் வரும் சார்.”

“அப்படிப் போடு!” என்றது கூட்டம். “யாருகிட்ட? எங்க வாத்தியாருகிட்டயேவா?”

பால்ச்சாமியின் தாயார் அழகுத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஐயாத்துரை அவனை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

“இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க வாத்தியாரே.”

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? அஞ்சாங்கிளாஸ் பையன் போடுற கணக்கு.”

கூட்டம் மறுபடி சிரித்தது. சிரிப்பைக் கேட்டு உக்கிரபாண்டி திரும்பி வந்து என்னவென்று விசாரித்தார்.

“ஆயிரத்துக்கு மேலயா? ஏலே தவசி! ஓடிப்போயி நம்ம மேலத்தெருக் கோயில் பக்கத்துல எடத்தை அளந்து வையி. மேடு அங்கதான. தொட்டியை அங்க கட்டி, இங்கேருந்து மோட்டார்ல ஏத்திருவோம்.”

“எங்களுக்குங்கய்யா?” என்றாள் அழகுத்தாய்.

“ஒங்களுக்கு இல்லாமயா? கொடத்தைக் கொண்டாந்து தள்ளி வரிசையில வையுங்க. எப்பவும்போல எங்க ஆளு ஒருத்தன் நின்னு ஊத்திவிடுவான்.”

அழகுத்தாயின் முந்தானை வாயிலிருந்து இறங்கியது. மேலத்தெருக் கிணற்றடியில் அவள் நிற்காத வெயில் இல்லை. யாராவது மனசு வைத்து ஊற்றினால் குடம் நிறையும். யாரும் வராவிட்டால், வெறும் குடத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பால்ச்சாமி ஓவர்சியரிடம் மெதுவாகக் கேட்டான்: “ஆயிரத்துக்குக் கொறஞ்சா சார்?”

“போர் போட்ட எடத்துலயே அடிபம்பு. யாரு வேணாலும் அடிச்சுக்கலாம். ரூல் அப்படி.”

ஐயாத்துரை அவன் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னார்.

“என்ன ஓவர்சியர், பேனாவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீக? அறுநூறை அடிச்சுட்டுத் திருத்தி எழுதுங்க” என்றார் உக்கிரபாண்டி.

பால்ச்சாமி தொண்டையைச் செருமினான்.

“அய்யா... நான்தான் தப்பாச் சொல்லிப்புட்டேன்.”

“என்னது?”

“நாலரை லிட்டர்ங்கிறது பழைய கேலனுங்கய்யா. பதினாறு அணா போயி நூறு பைசா வந்துச்சுல்ல? படி போயி லிட்டர் வந்துச்சுல்ல? அதே மாதிரி கேலனையும் பத்து லிட்டரா மாத்திட்டாங்க. இப்ப எல்லாம் புது கேலன். எனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சு.”

உக்கிரபாண்டி ஓவர்சியரைப் பார்த்தார். “நெசமாவா?”

ஐயாத்துரை பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“நான் மொதல்லயே பத்தாலதான வகுத்தேன்.”

“தூ! இதுதான் நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்குற கணக்கா?” உக்கிரபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். “ஒன்கிட்டப் படிக்கிறது உருப்பட்ட மாதிரித்தான். ஏலே தவசி, அளக்க வேணாம், வாடா!”

சற்றுமுன் “அப்படிப் போடு” என்று கத்தியவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். “வேலைக்கு எப்படித்தான் எடுத்தாகளோ” என்று யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது. கருத்தப்பாண்டி மகன் பக்கம் திரும்பாமலே வீட்டுக்கு நடந்தார்.

அழகுத்தாய் மட்டும் நின்றாள். குரல் உடைந்திருந்தது.

“ஏண்டா, இத்தனை பேரு முன்னால... ஒனக்கு நெசமாவே கணக்குத் தெரியாதாடா?”

“தெரியலத்தா” என்றான் பால்ச்சாமி. “ட்ரம்மு நெறையத் தண்ணி நிக்கிது. போயி நீயே மோந்துக்க.”