கனமான சோதனைக்குப் பெரிய வீடு

எங்கள் கம்பெனி தன் மென்பொருள் சோதனைகளை ஊழியர்களின் வீட்டுச் சாமான்களில்தான் ஓட்டும்; இப்போதுதான் குழாய்க்குள்ளும் கம்ப்யூட்டர் இருக்கிறதே. வேலையில் சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். குட்டிச் சோதனைகள் ஃபிரிட்ஜிலும் மிக்ஸியிலும் ஓடி முடிவதே தெரியாது. மெமரியைத் தின்னும் கனமான சோதனைகளை மட்டும் பெரிய வீடாகப் பார்த்து, ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும் என்பது விதி.

இன்று காலை மேனேஜர் சைலேஷ் அவசரத்தில் அத்தனையையும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குழாய் நின்றுவிட்டது. குளியலறையில் அப்பாவுக்கு முகமெல்லாம் சோப்பு. அவர் துப்புரவுப் பணியாளர். எட்டு மணிக்கு வேலையிடத்துக் கேமராவில் முகம் காட்டாவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள்.

"பாப்பா, கண்ணு எரியுது!"

மேனேஜரைக் கூப்பிட்டேன். "சார், எங்க வீட்டுல இருக்கறதே ஒரு ஃபிரிட்ஜும் ஒரு குழாயும்தான். நிறுத்துங்க."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா. உங்கப்பாவுக்கு அப்படி என்ன அவசரம்?"

அவ்வளவுதான். எங்கள் குழுவிலேயே பெரிய வீடான சைலேஷ் வீட்டுக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். ஒவ்வொன்றாக அனுப்பவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் குழாயில் தண்ணீர் கொட்டியது.

அப்பா சட்டை மாட்டும்போது என் போன் அலறியது.

"யாரு பாப்பா?"

"மேனேஜர்ப்பா. கக்கூஸ்ல உக்காந்திருக்காராம், தண்ணி வரலையாம்."

"அடப்பாவமே! அவரு தெரு வழியாத்தான போறேன், ஒரு குடம் தண்ணி குடுத்துட்டுப் போறேன்."

எனக்குக் கோபம் தணியவில்லை. இருப்பதிலேயே சின்னச் சொம்பாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.