ஐம்பதாவது தவளை

"எல்லாம் நல்லாத் துள்ளுதா தம்பி? துவண்டு கெடக்கறது எனக்கு வேண்டாம். போன தடவை சந்தையில வாங்கினதுல பாதி செத்துப் போச்சு."

கேட்டவளின் ஏப்ரனில் பூண்டு வாசமும் துளசி வாசமும் தூக்கலாக இருந்தன. நோந்தபுரிச் சந்தைக்குப் பின்னால் பொரியல் கடை வைத்திருக்கும் அம்பொன் அக்கா. தவளை விற்கிற பிசிட் அந்த ஏப்ரனைச் சந்தேகமாகப் பார்த்தான்.

அவன் வீட்டில் வளர்ப்பது கொம்புத் தவளை. உள்ளங்கையில் அடங்கும் உருண்டை உடம்பு, முகம் முழுக்க வாய். ஆசைக்கு ஒரு ஜோடி வாங்கினான். அது ஒரே ஈற்றில் அறுநூறு குஞ்சைக் கொடுத்துவிட்டது. ஒன்றையொன்று விழுங்கிவிடும் என்பதால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாக்கள் கூடத்தைத் தாண்டிக் குளியலறைக்குள் நுழைந்த அன்றிலிருந்து அவன் மனைவி பல் விளக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள்.

வேறு வழியில்லாமல் மொத்த விலைக்கு விளம்பரம் போட்டான். ஒன்று என்றால் நூற்றைம்பது பாட், ஐம்பதாக எடுத்தால் அறுபதுதான். அடியில் கொட்டை எழுத்தில், 'சமையலுக்குக் கிடையாது' என்று ஒரு வரி. வறுத்த தவளை என்றால் ஊரே சப்புக்கொட்டும். தன் கையால் புழு ஊட்டி வளர்த்த ஒன்றுகூட அநியாயமாகச் சாகக் கூடாது, அதுதான் அவனுக்கு ஒரே கவலை.

"என்ன கலர்ல வேணும்க்கா? பச்சை இருக்கு, மஞ்சள் இருக்கு..."

"கலர்ல என்ன இருக்கு? நாப்பத்தொம்பது எடுத்து வை."

"அம்பதா எடுங்கக்கா. நாப்பத்தொம்பதுன்னா ஏழாயிரத்துச் சொச்சம். அம்பதுன்னா மூவாயிரம்தான்."

"அப்போ அம்பதுக்கான மூவாயிரத்தை வாங்கிக்கோ. நாப்பத்தொம்பது குடு. மிச்ச ஒண்ணை நீயே வெச்சுக்கோ."

பிசிட் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கடை நடத்துகிறவள் பேசுகிற பேச்சா இது?

"இத்தனை டப்பாவை யாருப்பா தூக்கறது? ஒரே வாளியில கொட்டிடக் கூடாதா?"

"கொட்டினா விடியறப்போ ஒண்ணே ஒண்ணுதான்க்கா இருக்கும், பூசணிக்கா சைஸுல."

"சரி விடு. இன்னிக்கு ஒரு ராத்திரிதானே, டப்பாவுலயே கெடக்கட்டும்."

ஒரு ராத்திரியா? பிசிட் கையில் எடுத்த டப்பாவை மறுபடி அலமாரியில் வைத்தான்.

"மன்னிச்சுக்கங்கக்கா. உங்க வாணலிக்கு நான் தர மாட்டேன். கெளம்புங்க."

அம்பொன்னின் முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பார்த்தா கொலைகாரி மாதிரியா இருக்கு? என் கடையில பன்னி உண்டு, கோழி உண்டு, தவளை கெடையவே கெடையாது. அதுவும் இந்த வாரம் முழுக்க நான் சைவம். நாளைக்கு எனக்குப் பொறந்தநாள், நாப்பத்தெட்டு முடியுது. நல்ல நாள் அதுவுமா என்னப் போயி..." ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொறந்தநாளுக்கா கேக்கறீங்க?"

பிசிட்டுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. விருந்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டப்பா! இந்த மகராசியையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா! அப்போ எதுவும் சாகாதுல்ல?"

"சாகறதாவது! எல்லாம் நல்லா இருக்கணும்னுதானே இவ்வளவு பாடு." டப்பா மூடியில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பை அவள் நசுக்காமல் மெல்ல ஊதிவிட்டாள். அந்த ஒரு ஊதலில் பிசிட் விழுந்துவிட்டான்.

இருவருமாகச் சேர்ந்து டப்பாக்களை அவளுடைய பிக்கப் வண்டியில் அடுக்கினார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தகப்பன் மாதிரி அவன் புத்திமதி சொல்லிக்கொண்டே போனான்.

"வாரத்துக்கு ரெண்டு மண்புழு போதும்க்கா. தண்ணி மட்டும் கட்டைவிரல் ஆழத்துக்கு மேல வேண்டாம். பேருதான் தவளை, இதுங்களுக்கு நீச்சலே வராது. போன மாசம் ஒண்ணு கிண்ணத்துத் தண்ணியில முழுகிச் செத்துப்போச்சு, நான் சோறு எறங்காம உக்காந்திருந்தேன்."

"நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு..." அம்பொன் எண்ணிக்கையில் குறியாக இருந்தாள். "ஆங், நாப்பத்தொம்பது. சரியா இருக்கு."

பிசிட்டுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே ஓடி, தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மஞ்சள் தவளையை எடுத்து வந்தான். "இது என் பொறந்தநாள் பரிசு. எப்படியும் அம்பதுக்குக் காசு குடுத்துட்டீங்க."

அவள் பதறிப்போய் டப்பாவை அவன் கையிலேயே திணித்தாள். "ஐயையோ, ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது!"

"ஏன்க்கா? விருந்துக்கு ஒரு புள்ளை கூட வந்துட்டா?"

"எந்தப் புள்ளை? வருஷத்துக்கு ஒண்ணா நாப்பத்தெட்டு, ஆயுசு கெட்டியா இருக்க மேல ஒண்ணு. பிக்கு சொன்ன கணக்கு அது."

பிசிட் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அம்பொன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாகக் கத்தினாள்.

"காலையில ஆறு மணிக்குக் கோயில் படித்துறைக்கு வந்துடு தம்பி, நடு ஆத்துல விடறப்போ புண்ணியத்துல பாதி உனக்கு!"