உப்பு மூட்டை

என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வாசலில் வண்டி நின்றது.

அவள் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசற்படியில் கைத்தடியோடு நின்றார். இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

வாங்க என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா என்ன.

தெரு உறங்கும் மத்தியான நேரம். இதற்காகவே பார்த்து வைத்திருந்த நேரம்.

வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த நாளிலிருந்து அவர் கேட்டைத் தாண்டவில்லை. வாயும் கொஞ்சம் கோணிவிட்டது. பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்தார்கள். செருப்பு மாட்டும்போது, எப்படி இருந்த மனுஷன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அதன் பிறகு கோவிலுக்கும் இல்லை, கடற்கரைக்கும் இல்லை. ஆட்டோ கூப்பிட்டாள், மாட்டேன் என்றார். என் ஸ்கூட்டியில் உட்காருங்கள் என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கொல்லையில் அவருடைய பழைய புல்லட் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ரிட்டையர் ஆனதும் சரிசெய்கிறேன் என்று போட்டு வைத்தது. தூத்துக்குடி உப்புக் காற்று அதைப் பாதி தின்று முடித்திருந்தது.

ஒருநாள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தார்ப்பாயை விலக்கிவிட்டு, டேங்கை ஒற்றைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே குட்டி யானை வேன் பிடித்து, வண்டியை மெக்கானிக் சாகுலிடம் அனுப்பினாள்.

துரு சுரண்டி, என்ஜினைப் பிரித்து, வேண்டியதை மாற்றி அவர் முடிக்க மாதங்கள் ஆயின. சத்தத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று அவள் கேட்டபோது சாகுல் சிரித்துவிட்டார். எல்லோரும் கூட்டச் சொல்லித்தான் புல்லட்டைக் கொண்டுவருவார்கள், குறைக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். ஊருக்குத் தெரியாமல் ஒரு புல்லட் போக வேண்டும் என்றால் பாவம் அவர்தான் என்ன செய்வார். முடிந்தவரை குறைத்தார்.

பின் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாரி கார்டைக் கழற்றிவிடட்டுமா, வண்டி எடுப்பாக இருக்கும் என்றும் கேட்டார். கல்யாணமான புதிதில், அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து கால் வைக்க வீட்டுக்காரர் மாட்டியது. வேண்டாம், நான் சேலைதானே கட்டுகிறேன் என்றாள். மகள் விட்டுப்போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு நின்றபடி.

விடியற்காலைகளில் உப்பளத்துச் சாலையில் ஓட்டிப் பழகினாள். இடது கைப் பிடியை ஸ்கூட்டி பிரேக் என்று நினைத்து அழுத்தி, நேராக ஓர் உப்புக் குவியலில் ஏறினாள். அன்று வீட்டில் அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தலையிலிருந்த உப்பை ஒவ்வொரு கல்லாக எடுத்துவிட்டார். இடது பக்கம் இருப்பது கிளட்ச் என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர் எடைக்கு ஓர் உப்பு மூட்டையைப் பின் சீட்டில் கட்டினாள். அதை வைத்துக்கொண்டு வளைக்கவும் நிறுத்தவும் கால் ஊன்றவும் பழகினாள். உப்பளத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

இப்போது மூட்டை இல்லை. சீட் காலி.

அவர் உள்ளே போனார்.

அவ்வளவுதான் என்று நினைத்தாள். என்ஜினை அணைத்தாள்.

சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். படி வரை வந்தவர் மறுபடி உள்ளே போனார். தலை சீவிக்கொண்டு வந்தார். அந்தச் சட்டையும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, திரும்பவும் போனார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணியிருக்க மாட்டார். அதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். இனி எங்கே வரப்போகிறார்.

வந்தார்.

அவள் எழுந்து கிக்கரை உதைத்தாள். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.

காலைத் தூக்கிப் போட அவரால் முடியாது. இருவருக்கும் தெரியும். கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். திரும்பி நின்று, கட்டிலில் உட்காருவது போல ஒரு பக்கமாக உட்கார்ந்தார். விழுந்த காலை வலது கையால் எடுத்து சாரி கார்டில் வைத்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி தாழ்ந்தது மட்டும் தெரிந்தது.

கண் நிறைந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

தோளில் அவர் கை வந்தது. உப்பளத்துச் சேதி எப்படியோ அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"மூட்ட பேசாது, ஜெசி," என்றார் குழறிய குரலில். "நான் பேசுவேன்."

தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் கடற்கரைக்குப் போகும் பின்வழி. ஆள் நடமாட்டம் இருக்காது. நேரே போனால் பஜார்.

அவள் வேகத்தைக் குறைத்து இடது பக்கம் ஒடிக்கப் போனாள்.

கை தோளை அழுத்தியது.

"நேரா போ."

பஜார். பூக்கடை, புரோட்டாக் கடை, பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். எல்லாத் தலையும் திரும்பியது. சாகுல் சத்தத்தைக் குறைத்தது போதவில்லை. டீக்கடையிலிருந்து யாரோ, லாசர் அண்ணாச்சி என்று உரக்கக் கூப்பிட்டார்கள்.

தோளில் இருந்த கை இல்லை.

விழுந்துவிட்டாரோ என்று பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

கையை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். கோணிய வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அது அப்படியொன்றும் நீளமான பஜார் இல்லை.

அவள் கியரைக் குறைத்து மெதுவாக ஓட்டினாள்.